ஒன்பதாவது பாட்டில்

அரசாங்க ஆய்வுக்கூடத்துக் கசூபா, ஓடையில் எடுத்துப்போன தண்ணீர் அத்தனையும் செல்லாது என்று தள்ளிவிட்டாளாம்.

சேதியைக் கேட்டு கபாசோ ஆச்சரியப்படவில்லை. முப்பது வருஷமாகச் செம்புச் சுரங்கத்தோடு மல்லுக்கட்டுகிறவர். எத்தனையோ விசாரணைக் குழுக்கள் தலைநகர் லுசாகாவிலிருந்து வந்து, டீ குடித்து, திரும்பிப் போனதைப் பார்த்தவர்.

கையால் சுற்றும் பழைய நகல் யந்திரத்தின் முன் உட்கார்ந்தார். அதன் ஊதா மை அவர் விரல்களை விட்டுப் போனதே இல்லை. அவருடைய நோட்டீஸில் இதுவரை ஒரு பெயர்கூடத் தப்பாக வந்ததில்லை. அதில் அவருக்குக் கர்வம்.

‘கசூபா விலைபோய்விட்டாள்’ என்று தலைப்புப் போட்டார்.

அவரிடம் ஆதாரம் இருந்தது. அதை மட்டும் அச்சடிக்க முடியாது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு விடியல். ஓடை மேல் பனியும் சுரங்கப் புகையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. கசூபா முழங்கால் தண்ணீரில் நின்று பாட்டில்களை நிரப்பினாள். நிற்கிறாளா, மிதக்கிறாளா என்று கரையிலிருந்த கபாசோவுக்குத் தெரியவில்லை. எல்லாம் யாரோ காணும் கனவு மாதிரி ஓசையில்லாமல் நடந்தது.

காலணி மாற்ற அவள் வண்டிக்குப் போனாள். கபாசோ ஐஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

கலங்கலான பாட்டில்களுக்கு நடுவே ஒன்று மட்டும் அப்படியொரு தெளிவு. உள்ளே கொஞ்சம் வானத்தைப் பிடித்து அடைத்து வைத்தது போல.

இந்த ஒன்றைக் காட்டியே ஓடை சுத்தம் என்று எழுதிவிடுவார்கள். விஷம் என்று அரசாங்கம் எழுதினால்தான் சுரங்கம் குடிநீர்க் குழாய் போட்டாக வேண்டும். அடுத்த வீட்டுச் செவேக்கு நாலு வயசு. ஓடைத் தண்ணீர் குடித்தே வளர்ந்தவன், இன்னும் கால் ஊன்றி நிற்கவில்லை.

மூடியைத் திறந்தார். சுரங்கக் கழிவு வாய்க்காலின் பச்சைத் தண்ணீரை அதே மூடியில் மொண்டு, இரண்டு தடவை ஊற்றினார். போராட்டத்துக்குத் தன்னால் ஆனது.

அப்படி விஷம் சேர்த்த பாட்டிலையுமா செல்லாது என்கிறாள்? விலைபோகாமல் வேறென்ன?

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் ஆராதனை முடிந்ததும் பந்து மைதானத்தில் கூட்டம் கூடியது. பதில் சொல்லக் கசூபாவே வந்திருந்தாள். கபாசோ காலிப் பெட்டி மேல் ஏறிப் பேசினார். ஊர் கைதட்டியது.

“ஓடைத் தண்ணில வேர் ஊறவச்ச முங்கோயோ எத்தனை தடவை நீட்டினோம், இந்தம்மா ஒரு வாய் குடிச்சிருக்குமா? சுரங்கத்து விருந்தினர் விடுதில என்ன ஊத்திக் கொடுத்தாங்களோ” என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

கசூபா தலை நிமிரவில்லை. தன் கவனக்குறைவு என்று மட்டும் சொன்னாள்.

செவேயின் அம்மா சிரிக்கவில்லை. “இன்னும் எத்தனை நாள் தாயி?”

“மழை முடிஞ்சாத்தான் மறுபடி தண்ணி எடுக்க முடியும்க்கா. மூணு மாசம்.”

அந்த மூன்று மாதமும் ஊர் அதே ஓடையைத்தான் குடித்தது.

மழை ஓய்ந்து ஒரு விடியலில், அதே பனிக்குள்ளிருந்து கசூபா நடந்து வந்தாள். இந்தத் தடவை அரசாங்க வண்டி இல்லை. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மினிபஸ்ஸில் வந்தாளாம்.

கபாசோ காவலுக்கு நின்றார்.

எட்டுப் பாட்டில்களை நிரப்பினாள். ஒன்பதாவது நிறைந்தே வந்திருந்தது. அதே தெளிவு.

“அது எந்த இடத்துத் தண்ணி?” என்றார் கபாசோ.

“எந்த இடமும் இல்லைங்கய்யா. ஆய்வுக்கூடத்துல சுத்தம் பண்ணி அடைச்சது. கூடவே வரும், கூடவே போகும். இதுல அழுக்கு ஏறியிருந்தா மத்த எட்டையும் நம்ப முடியாது. எல்லாமே செல்லாது.”

ஓடையின் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது போலிருந்தது அவருக்கு.

“போன தடவை எடுத்த எட்டுல என்ன இருந்துச்சு?”

“எட்டுலயும் விஷம்தான். அதான் உங்க முங்கோயோவைத் தொட எனக்குப் பயம். செல்லுபடியான முடிவு கையில இல்லாம வெளிய சொல்லவும் கூடாது.”

அவர் சட்டைப் பையில் அந்த நோட்டீஸ் ஒன்று மடித்தபடி இருந்தது.

“யாரோ கலந்துட்டாங்கன்னு எழுதியிருக்கலாமேம்மா.” அவர் கை சட்டைப் பையை மூடிக்கொண்டது.

“எழுதியிருந்தா, ஊர்க்காரங்களே விஷத்தைக் கலந்துட்டு எங்க மேல பழி போடுறாங்கன்னு சுரங்கத்துக்காரங்க காலம் பூரா சொல்லிக்கிட்டிருப்பாங்க. பெட்டியைப் பூட்டாமப் போனது என் தப்புதானே. அதை மட்டும் எழுதினேன். வண்டியைப் பிடுங்கிட்டாங்க, ஆனா மறுபடி தண்ணி எடுக்க விட்டுட்டாங்க.”

சொல்லிவிட்டு அந்தத் தெளிந்த பாட்டிலை அவரிடம் நீட்டினாள்.

“காலணி மாத்திட்டு வந்துடறேன். இதை நீங்களே வச்சிருங்க.”

அவர் கை நீட்டினார். அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்து முதலில் கொடுத்தாள்.

“விரலைத் துடைச்சுக்கிட்டுப் பிடிங்கய்யா. போன தடவை மூடியில ஊதா மை ஒட்டியிருந்துச்சு.”