வீட்டோடு இருக்கும் பிள்ளை

"வெறும் வீட்டை யாரும் வாங்க மாட்டாங்க மேடம். ஆளு புழங்குற வீடா தெரியணும்," என்றார் தரகர் மரியதாஸ். பழைய கேமராப் பதிவுகளிலிருந்து ஓர் ஒளியுருவத்தை எழுப்பி வீட்டுக்குள் நடமாட விடுவது இப்போது எல்லா விற்பனையிலும் உண்டு. யாரை எழுப்புவது என்பதை வீடே முடிவு செய்யும். பிலோமினாவின் வீடு, நான்கு வருடங்களுக்கு முன் காய்ச்சலில் இறந்துபோன அவள் மகள் ஜெனிட்டாவை எழுப்பியது.

வீடு பார்க்க வந்த தம்பதியின் முன்னால் ஆறு வயது ஜெனிட்டா படிகளில் குதித்து இறங்கினாள். கடைசிப் படியில் உட்கார்ந்து ஷூ லேஸோடு மல்லுக்கட்டினாள். தன்னையறியாமல் குனிந்து கட்டிவிடப் போன பிலோமினாவின் விரல்களில் வெறும் தரைதான் பட்டது.

வந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்களுக்குக் குழந்தை இல்லக்கா. வீட்டை எடுத்துக்கிறோம். பாப்பாவை மட்டும் அழிச்சிடாதீங்க."

பாப்பாவைத் தர மாட்டேன் என்று சொல்ல பிலோமினா வாயெடுத்தாள். ஆனால் இந்த வீட்டைத் தவிர ஜெனிட்டாவை வேறெங்கும் எழுப்ப முடியாது என்று மரியதாஸ் முன்பே சொல்லியிருந்தார்.

அடுத்த மாதம் சாவியைக் கொடுக்கும்போது அந்தப் பெண்ணின் கையை அவள் விடவில்லை.

"அவளுக்கு இருட்டுன்னா பயம்மா. நீங்க வெளிய போனா, ஹால் லைட்டை எரியவிட்டுட்டுப் போங்க."