நடை இயந்திரம் நிற்கிறது

உடற்பயிற்சிக்கூடக் கண்ணாடியில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கிறது. நடை இயந்திரத்தில் வியர்த்து வழியும் தம்பி மனைவியை, இடுப்பில் கைவைத்துக் காவல் காக்கிறாள் நாத்தனார். "நடந்தா மட்டும் போதாதும்மா. எடையும் தூக்கினாத்தான் கொழுப்பு குறைஞ்சு உடம்பு இறுகும்," என்கிறார் பயிற்சியாளர். "தூக்கி என்னத்தைக் கிழிக்கப்போறா? நடக்கட்டும். இவ பக்கத்துல நிக்கவே என் தம்பி கூசுறான்," என்கிறாள் நாத்தனார், கூடமே கேட்கும்படி. நடப்பவள் சிவப்புப் பொத்தானை அழுத்துகிறாள். பட்டை முனகி ஓய்கிறது. முகத்தைக்கூடத் துடைக்காமல் நேரே போய், தட்டுகள் மாட்டிய இரும்புக் கம்பியைக் குனிந்து பற்றுகிறாள். நாத்தனார் பின்னாலேயே வந்து எதிரில் மறித்து நிற்கிறாள். "தள்ளி நில்லுங்க அக்கா," என்கிறாள் அவள், நிமிராமலே. "இத்தனை நாளும் நான்தான் உங்க கால்ல விழுந்தேன். இன்னிக்கு இது விழுந்துடப்போகுது." நாத்தனாரின் செருப்பு பின்னுக்கு நகர்கிறது. கம்பி தரையை விட்டு மேலேறுகிறது.