கூடத்து அரக்கன்

மூச்சு முட்டும் இருட்டறைக்குள் அடைபட்டுக் கிடந்தார் எஞ்சினியர். சன்னல் இல்லை, பொட்டு வெளிச்சம் இல்லை. இருந்த ஒரே கதவையும் எவனோ வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தான்.

"திறங்கடா கதவை!" அவர் போட்ட சத்தத்தில் அடுத்த தெருவில் தூங்கிய பூனைகள்கூட எழுந்து உட்கார்ந்திருக்கும்.

"ஏங்க, மேசையைத் தட்டாதீங்க. காயெல்லாம் உருளுது," என்றாள் அவர் மனைவி, கொட்டாவியோடு.

மருமகள் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். கதை சொல்லிக்கொண்டே ஆடுகிற பலகை விளையாட்டுகளை உருவாக்குவதுதான் அவள் வேலை. வரைபடம், சீட்டு எல்லாம் அவள் கைவண்ணம். புதிதாக வரைந்த பாதாளக் கோட்டைக்குள் மாமனாரை இறக்கிவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தாள். ஒரே நிபந்தனை, வரைபடத்தைத் திருப்பிப் பார்க்கக் கூடாது.

எஞ்சினியர் லேசுப்பட்டவரா? இந்த வீட்டுக்கே பிளான் போட்டு, கூடவே நின்று கட்டியவர். மருமகள் வேலை செய்யும் சாமான் அறைக்கு ஒரு சன்னல் கேட்டுக் கேட்டு அவள் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

"என் பிளான்ல ஒரு செங்கல் அசைஞ்சாலும் நான் இந்த வீட்டை விட்டே போயிடுவேன்" என்பார். அவளும் பட்டப்பகலில் பல்பைப் போட்டுக்கொண்டு, வேர்வை சொட்டி வரைபடத்தில் புது ஏரிகள் உண்டாக, உள்ளேயே வெந்துகொண்டிருந்தாள்.

எஞ்சினியர் ஒரு சீட்டை எடுத்தார். 'கூடத்து அரக்கன் இடித்தான். ஒரு சுற்று சும்மா இருக்கவும்.'

"மறுபடியுமா? போறவன் வர்றவனை இடிக்கிறதுக்குன்னே நட்டநடுக் கூடத்துல கொண்டாந்து நிறுத்தியிருக்கானுங்க!"

கடுப்போடு தண்ணீர் குடிக்க எழுந்தவர், கூடத்துத் தூணில் வழக்கம்போல் முழங்கையை இடித்துக்கொண்டு, தேய்த்தபடியே திரும்பி வந்தார்.

அடுத்த சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் ஆயிரம் வாட்ஸ் பல்பாய் எரிந்தது. 'கடப்பாரை கிடைத்தது. உடைக்கத் தகுந்த சுவரைக் காரணத்தோடு காட்டினால் விடுதலை.'

"இது நம்ம சப்ஜெக்ட்டாச்சே!" கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இருட்டறையின் வெளிச்சுவரில் விரலை ஊன்றினார். "இங்க உடை. ரெண்டு பக்கமும் தூண் பாரத்தை வாங்கிக்குது. நடுவுல இருக்கிறது வெறும் செங்கல் அடைப்பு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, மாமா. கூரை இறங்கிடாதே?"

"யாரைப் பார்த்து என்ன கேக்கறே? ஒரு தூசு விழாது, கையெழுத்தே போட்டுத் தர்றேன்! காத்து போக ஒரு ஓட்டை வைக்காம கட்டியிருக்கானே, அவன் மண்டையில என்ன, சிமென்ட்டா?"

மனைவிக்குத் திடீரென்று பலத்த இருமல் வந்துவிட்டது.

மருமகள் வாசல் பக்கம் திரும்பி, "மேஸ்திரி, உள்ள வாங்க," என்றாள். சுத்தியலும் உளியுமாக ஒருவர் வந்து நின்றார்.

"இவரு எதுக்கும்மா?" என்றார் எஞ்சினியர்.

மருமகள் அதுவரை தலைகீழாக இருந்த வரைபடத்தை மெல்ல நேராகத் திருப்பி வைத்தாள்.

"நீங்க காட்டின சுவரை உடைக்கத்தான், மாமா. இது நம்ம வீட்டு பிளான்."