கூடையைத் தள்ளிவிட்டு வரச் சொன்ன தொட்டி

பால் வற்றிப்போன எருமையும் ஒரு கிழட்டு வெள்ளாடும் ஒரே தொழுவத்தில் கிடந்தன. ஆளுக்கொரு கூடை வைக்கோல் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் புதுசாக ஒரு சிமெண்ட் தொட்டி வந்து இறங்கியது.

"இனிமே வைக்கோல், தவிடு, தண்ணி எல்லாம் என்கிட்டதான். மொதல்ல பழைய கூடையை வேலிக்கு வெளியே தள்ளிட்டு வாங்க. அப்பதான் நான் நிரம்புவேன்" என்றது தொட்டி.

ஆடு ஒரே உதையில் தன் கூடையைத் தள்ளிவிட்டது. எருமையோ தொட்டிக்குள் மூக்கை விட்டு மோந்து பார்த்தது. வெறும் சிமெண்ட் வாடைதான் அடித்தது.

"நீ மொதல்ல நிரம்பு. நான் அப்புறம் தள்றேன்."

"அது முறை இல்லம்மா."

"பட்டினியாக் காத்துக் கெடக்கறது மட்டும் முறையாக்கும்?"

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான்க்கா!" என்று ஆடு சிரித்தது.

பொழுது சாய்ந்தும் தொட்டி நிரம்பவில்லை. "வரும், வந்துக்கிட்டே இருக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. ஆடு மெல்ல நகர்ந்து வந்து எருமையின் கூடைக்குள் தலையை விட்டது.

"என்ன சொல்லு, புதுத் தொட்டி தனி வசதிதான்க்கா" என்றது, வாய் நிறைய வைக்கோலோடு.

எருமை தொட்டியைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னது:

"முழுங்கிட்டுப் பேசுடி, விக்கிக்கப் போகுது."