சனிக்கிழமைக் கோளாறு

காபி எடுத்து வர சிர்க்கா உள்ளே போனதுதான் தாமதம், கலெவி சங்கிலி ரம்பத்தின் மூடியைத் திறந்து, கார்புரேட்டர் திருகு ஒன்றை லேசாகத் தளர்த்திவிட்டார். பிறகு மூடியைப் போட்டு, பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"சரியாயிடுச்சா?" சிர்க்கா குவளைகளோடு வந்தார்.

"ஜம்முனு ஆயிடுச்சு. ஆனா இன்னைக்கு ஓட்டாதீங்க, எண்ணெய் நல்லா ஊறட்டும்."

"மறுபடி நின்னுபோச்சுன்னா?"

"நான் எதுக்கு இருக்கேன்? அடுத்த சனிக்கிழமை ஒரு போன் போடுங்க."

கலெவி பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். சிர்க்காவும் கணவரை இழந்தவர்தான். ஏரிக்கரைச் சாலையில் அடுத்தடுத்த வீடு என்று பெயர், நடுவில் ஒரு காடே இருந்தது.

வேலையில்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போய் உட்காரும் வழக்கம் பின்லாந்தின் அந்தப் பகுதியில் கிடையாது. போவதற்கு ஒரு காரணம் வேண்டும். வசந்த காலத்தில் ஒருநாள் சிர்க்காவின் ரம்பம் நிஜமாகவே பழுதானபோது கலெவிக்கு அந்தக் காரணம் கிடைத்தது. சரிசெய்து கொடுத்துவிட்டு, அந்தச் சமையலறையில் காபியும் ஏலக்காய் மணக்கும் பன்னுமாக உட்கார்ந்து பேசிய பிறகு, அந்தச் சனிக்கிழமையை விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை.

அன்றிலிருந்து ஒரு வாரம் பிளக் ஒயர் கழன்றிருக்கும், ஒரு வாரம் ஏர் ஃபில்டரில் மரத்தூள் அடைத்திருக்கும். சிர்க்காவின் கையைக் காலை வெட்டிவிடாத கோளாறாகப் பார்த்துத்தான் செய்வார். அந்த அளவுக்கு மனசாட்சி இருந்தது.

கிளம்பும்போது சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் சுவரோரம் அடுக்கியிருந்த விறகு கண்ணில் பட்டது. போன வாரத்தைவிட உயரமாக இருந்தது.

"விறகு நல்லா ஏறியிருக்கே" என்றார்.

"ஏதோ இருக்கு. வீட்டுக்கு ரெண்டு பன் கட்டித் தரட்டுமா?"

பன் என்றதும் கலெவி விறகை மறந்துபோனார்.

அடுத்த சனிக்கிழமை அவர் போனபோது வாசலில் ஒரு சிவப்புக் கார் நின்றது. தாம்பரே நகரத்தில் வேலை பார்க்கும் சிர்க்காவின் மகள் ஹெய்னி, ஒரு பெரிய பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அங்கிள். வாராவாரம் அம்மா உங்கள அலைய விடறாங்கன்னு கேட்டதும் எனக்குச் சங்கடமாப் போச்சு. அதான், பேட்டரி ரம்பம் வாங்கிட்டு வந்துட்டேன்."

ஹெய்னி ஒரு பூர்ச் மரத் துண்டை எடுத்து வைத்துப் பொத்தானை அமுக்கினாள். ரம்பம் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது.

"பெட்ரோல் கிடையாது, பிளக் கிடையாது, கார்புரேட்டர் கிடையாது. ரிப்பேர்ங்கற பேச்சுக்கே இடமில்ல."

"சங்கிலி இருக்குல்ல? அது மழுங்கிப் போகுமே" என்றார் கலெவி.

"புத்தம் புதுசு அங்கிள். இனிமே நீங்க நிம்மதியா வீட்ல இருக்கலாம்."

பழைய ரம்பத்தைப் பழைய இரும்புக்குப் போடுவதாகச் சொல்லி ஹெய்னி கார் டிக்கியில் ஏற்றிவிட்டாள். சிர்க்கா காபியைக் கலக்கியபடியே இருந்தார். கலெவி அன்று பன்னைப் பாதியிலேயே வைத்துவிட்டார். அழுகை வராத குறைதான்.

அந்த வாரம் முழுக்க அவர் தன் சொந்த ரம்பத்தைப் பிரித்துப் பூட்டினார். அரத்தை எடுத்து, கூர்மையாக இருந்த பற்களையே மறுபடி மறுபடி தீட்டினார். ஏரியில் மீன் பிடித்துக்கொண்டு போய்க் கொடுக்கலாமா என்று யோசித்தார். சிர்க்கா மீன் சாப்பிடமாட்டார் என்பது ஞாபகம் வந்ததும் அதையும் விட்டுவிட்டார்.

சனிக்கிழமை வந்தது. பழக்க தோஷத்தில் முகச்சவரம் செய்துவிட்டு, யாருக்காகச் செய்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

"கலெவி, புதுசு அறுக்க மாட்டேங்குது. மரத்துல வெச்சா வெறும் புகைதான் வருது."

"புதுசா? அது எப்படி?"

"எனக்கென்ன தெரியும்? வந்துதான் பாருங்களேன்."

கலெவி வண்டியை விரட்டினார். வழியெல்லாம் ஒரே குழப்பம். அந்த ரம்பத்தை அவர் விரலால்கூடத் தொட்டதில்லை. எது எப்படியோ, இன்னும் ஒரு சனிக்கிழமை கிடைத்ததே என்றும் இருந்தது.

சமையலறை மேசையில் பழைய செய்தித்தாள் விரித்து ரம்பத்தை வைத்திருந்தார் சிர்க்கா. கலெவி மூடியைக் கழற்றினார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. சங்கிலி திருப்பி மாட்டியிருந்தது, பற்கள் அத்தனையும் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

போன வாரம் அவர் கண்ணெதிரேதான் ஹெய்னி அதில் மரம் அறுத்துக் காட்டினாள். சங்கிலி தானாகத் திரும்பிக்கொள்ளாது. யாரோ நட்டைக் கழற்றி, சங்கிலியை எடுத்துத் திருப்பிப் போட்டு, மறுபடி முறுக்கியிருக்க வேண்டும். அதுவும் கை பழகிய ஆள். தொய்வில்லாமல், இறுக்கமும் இல்லாமல், கச்சிதமாக மாட்டியிருந்தது.

கலெவி மெதுவாக நிமிர்ந்தார்.

சிர்க்கா அவரைப் பார்க்காமல் காபியை ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"எல்லா வாரமும் நீங்களே கெடுத்தா எப்படி? இந்த வாரம் என் முறை."