செம்பு ஸ்டோர் கதவு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கேபிள் கம்பெனி. அதன் செம்பு ஸ்டோர் கதவு மக்கர் பண்ணுகிறது, சரிபார்க்கச் சென்னையிலிருந்து எஞ்ஜினியர் வரப்போகிறார் என்று டீக்கடையில் காதில் விழுந்ததுமே பார்த்திபன் முடிவு செய்துவிட்டான். அந்த எஞ்ஜினியர் நாம்தான்.

திருவள்ளூரில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் மூன்று வருஷம் குப்பை கொட்டியவன் அவன். கடை மானிட்டர்கள் ஒவ்வொன்றாக அவனோடு வீட்டுக்குப் போனதில் வேலை போயிற்று. 2009-ல் செம்பு விற்கிற விலைக்கு மானிட்டரெல்லாம் எந்த மூலைக்கு? கதவைச் சரிபண்ணுவது, தனக்கும் ஒரு சாவி செய்துகொள்வது, ஞாயிற்றுக்கிழமை வேனோடு வருவது. இதுதான் திட்டம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையும் தானே அச்சடித்த அடையாள அட்டையுமாகக் கேட்டில் போய் நின்றான். வாட்ச்மேன் யேசுதாஸ் அட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினான். வியர்க்க விறுவிறுக்க வந்தது மேனேஜர் துளசிராமன்.

"சென்னையிலருந்து வர்ற எஞ்ஜினியரா? நீங்களா?"

"ஆமா சார். வேற யாரு?"

மேனேஜர் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "வேலை நெஜமாவே தெரியுமில்ல?"

"அதான் சார் நம்ம தொழிலே."

"அப்ப சட்டுனு வாங்க!"

ஒரு சாண் கனத்தில் இரும்புக் கதவு. பக்கத்துச் சுவரில் உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டர் போர்டு. அதில் ஒரு பென் டிரைவைச் செருகினால், அதன் நம்பரை வைத்து இதுதான் சாவி என்று போர்டே அடையாளம் கண்டு தாழ்ப்பாளை இழுக்க வேண்டும். கேன்டீன் மணியும் அதே போர்டில்தான்.

மேனேஜர் கொடுத்த லேப்டாப்பில் பார்த்திபன் விதிகள் எழுதிய ஃபைலைத் திறந்தான். ஒரு வரியை மாற்றிவிட்டு பென் டிரைவைச் செருகினான். கதவு அசையவில்லை. கேன்டீன் மணி கணகணவென்று அடித்தது. பத்தரை மணிக்கே நாற்பது பேர் தட்டோடு ஓடினார்கள்.

மூன்றாவது தடவை மணி அடித்ததும், சமையல்கார கன்னியம்மா கரண்டியோடு சண்டைக்கு வந்துவிட்டாள்.

"இன்னா சார், பேஜாரா கீது! ஒரு நாளைக்கு எத்தினி தபா சோறு போடுறது?"

"போட்டுக்கினே இரும்மா. சாரைத் தொந்தரவு பண்ணாதே" என்று விரட்டினார் மேனேஜர்.

பார்த்திபனுக்கு டீ வந்தது, டேபிள் ஃபேன் வந்தது, மட்டன் பிரியாணி வந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் கைகட்டி நின்ற யேசுதாஸ் நகரவே இல்லை. என்ன மரியாதை! இவ்வளவு அப்பாவிகளிடமா திருடப் போகிறோம் என்று பார்த்திபனுக்கே பாவமாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்குமேல் செம்பே மறந்துபோயிற்று. கதவுக்கும் அவனுக்கும் மானப் பிரச்சினையாகிவிட்டது. சம்பளம் வாங்கிய காலத்தில்கூட அவன் இப்படி உழைத்ததில்லை. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தவன், கடைசியில் துள்ளிக் குதித்தான்.

"மாட்டிக்கிச்சு சார்! பென் டிரைவ் நம்பருக்கு முன்னாடி ரெண்டு ஈக்வல் போட்டாத்தான் 'இந்த நம்பர்தானா பாரு'ன்னு அர்த்தம். ஒண்ணு போட்டா 'இந்த நம்பரா மாத்து'ன்னு ஆயிடும். எவனோ ஒண்ணை முழுங்கிட்டான்."

திருத்தினான். சத்தமில்லாமல் தன் பென் டிரைவின் நம்பரையும் கீழே ஒரு வரியாகச் சேர்த்தான். செருகினான்.

தடக்!

தாழ்ப்பாள் விலகியது. செம்பைக் கண்ணால் பார்த்துவிடும் ஆவலில் கதவைத் தள்ளினான்.

சுடிதார் வியர்வையில் தொப்பலாக நனைந்த ஒரு பெண் தள்ளாடியபடி வெளியே வந்தாள். "தண்ணி" என்றாள்.

யேசுதாஸின் கை பார்த்திபனின் காலரைப் பிடித்தது. கேன்டீன் பக்கமிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள்.

"பெரிய உபகாரம் சார்" என்று மனசாரக் கைகூப்பினார் துளசிராமன். "சென்னையிலருந்து வந்த எஞ்ஜினியரு முபீனா மேடம் இவங்கதான், காலைல எட்டு மணிக்கே உள்ள போய் மாட்டிக்கினாங்க, நீங்க மட்டும் வர்லன்னா எங்க கதி இன்னா?"