தோண்டுப்பின் கோப்பை

நேபாளத்தின் டோல்போ மலைகளில் எங்கள் மலையேற்றம் இருபத்திரண்டு நாள். வழிகாட்டி யாங்கி அண்ணிதான்; சுமைக்கழுதை என் பொறுப்பு. போன வருடம் இதே வழியிலுள்ள பெரிய கணவாயில், பனிச்சரிவில் என் அண்ணன் தோண்டுப் இறந்தான்.

இறந்தவருக்கு நாங்கள் நாற்பத்தொன்பது நாள் சாப்பாடு வைப்போம். அதற்கு மேல் வைத்தால் உயிர் கிளம்பாது. அண்ணி நிறுத்தவில்லை. ஒவ்வொரு முகாமிலும் அவன் கோப்பையில் வெண்ணெய்த் தேநீர் ஊற்றி வைத்தாள். காலையில் உறைந்து கிடப்பதை நான் தட்டிக் கொட்டுவேன்.

"போதும் அண்ணி, அவன் போகட்டும்" என்றேன்.

"என்கிட்ட சொல்லாம போன மனுஷன். நான் சொன்னப்புறம் போகட்டும். நீ போய்க் கழுதைக்குத் தண்ணி காட்டு."

பதினாறாம் நாள் கணவாயைக் கடந்து இறங்கினோம். அன்று மாலை கோப்பையில் ஒரு மிடறு குறைந்திருந்தது.

குறைந்தால் உடனே நிரப்புவது எங்கள் வழக்கம். போதும் என்பவர் கோப்பையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொள்வார்.

அண்ணி கெட்டிலைச் சாய்த்தாள். தேநீர் கோப்பைக்குள் விழவில்லை. அதற்கு மேலே காற்றில் பரவி, விரலிடுக்குகளில் வழிவதுபோல் நான்கு கோடுகளாகச் சொட்டியது.

அண்ணி ஒரு கணம் பார்த்தாள்.

"சுடும். கைய எடுங்க" என்றாள். கெட்டிலை நிமிர்த்தவில்லை.